டெப்ரேயும் லினேராவும்: ஆலோசகர் நாற்காலியா, துணை அதிபர் பதவியா?

இருவரையும் சிறையில் தள்ளியது பொலிவியாதான். பிரெஞ்சு எழுத்தாளர் ரெஜி டெப்ரே, சே குவேராவின் கெரில்லா முகாமிலிருந்து வெளியேறும் வழியில் 1967 ஏப்ரலில் முயுபம்பாவில் பிடிபட்டார். 30 ஆண்டுத் தண்டனை. 1970 இறுதியில் விடுதலை. கணிதம் படித்த பொலிவியக்காரர் அல்வாரோ கார்சியா லினேரா, துப்பாக் கட்டாரி என்ற பழங்குடி ஆதரவுக் கெரில்லாப் படையில் இருந்ததற்காக 1992இல் கைதாகி, தீர்ப்பே வராமல் ஐந்து ஆண்டு உள்ளே கிடந்தார். சமூகவியலை அங்கேதான் கற்றார்.

அரசுக்குள் நுழைந்த வாசல்தான் வேறு. டெப்ரேயை 1981இல் பிரான்ஸ் அதிபர் மித்தரான் ஆலோசகராக்கினார். குறிப்பு எழுதலாம், தூது போகலாம். கையெழுத்து அதிபருடையது, பழியும் பெரும்பாலும் அவருக்கே. லினேரா தேர்தலில் நின்று வந்தவர்: 2006 முதல் 2019 வரை பொலிவியாவின் துணை அதிபர், அந்தப் பதவியோடு நாடாளுமன்றத் தலைமையும். 2009 அரசியலமைப்புக்குப் பெருமை கோரலாம்தான். ஆனால் 2011இல் பழங்குடிகள் வாழும் திப்னிஸ் காப்புக்காட்டின் வழியே அரசு போடவிருந்த சாலையை எதிர்த்து நடைப்பயணம் வந்த பழங்குடிகளைப் போலீஸ் அடித்தபோது ஒதுங்கி நிற்க முடியவில்லை. பழங்குடிகளுக்காகத் துப்பாக்கி எடுத்த இயக்கத்துக்காரருக்கு அதுதான் பெரிய அடி.

வெளியேறும் வழியும் வேறு. டெப்ரேக்கு 1985இல் பிரான்ஸின் உயர் நிர்வாக நீதிமன்றமான அரசு ஆலோசனை மன்றத்தில் பதவி கிடைத்தது. லினேரா 2019 நவம்பரில் பதவி விலகி, தன் அதிபர் எவோ மொராலெஸுடன் மெக்சிகோவுக்கு விமானம் ஏறினார்.