கோயில் பள்ளியா, சிஸ்டர்கள் நடத்தும் மெட்ரிக்கா, அரசுப் பள்ளியா?

தமிழ்நாட்டில் பொதுவாக ‘ஆர்.சி. ஸ்கூல்’ (ரோமன் கத்தோலிக்கப் பள்ளி) என்று சொல்வதற்குள் குறைந்தது மூன்று வகைப் பள்ளிகள் அடங்கும். ஊர்க் கத்தோலிக்கக் கோயிலான பங்குக் கோயிலை ஒட்டி நிற்கும் அரசு உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்று. அதே வளாகத்துக்குள், அதே மணிக்கு இயங்கும் ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவு இன்னொன்று. டவுனில் சிஸ்டர்கள் நடத்தும் மெட்ரிக் பள்ளி மூன்றாவது. பெயர்ப் பலகையில் மூன்றிலும் ஏதாவது ஒரு புனிதர் பெயர்தான் இருக்கும். ஆனால் சம்பளம் எங்கிருந்து வருகிறது, யார் கட்டணம் கட்டுகிறார்கள், அரசுச் சலுகை எது கிடைக்கும் என்று பார்த்தால் மூன்றும் வேறு வேறு. இவற்றோடு தெருமுனையில் ஊராட்சி ஒன்றியப் பள்ளியும் இருக்கிறது. பெற்றோர் குழம்புவது இயல்புதான்.

உதவிபெறும் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். சேர்க்கைக் காலத்தில் யாராவது வந்து “டீச்சர், எங்க போடலாம்?” என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: பன்னிரண்டு வருடத்துக்கும் சேர்த்து முடிவெடுக்காதீர்கள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கணக்கு, ஆறாம் வகுப்பிலிருந்து இன்னொரு கணக்கு.

கோயில் பள்ளி

இடமும் கட்டடமும் திருச்சபைக்குச் சொந்தம். நிர்வாகம் ஆயரின் கீழுள்ள மறைமாவட்டத்திடம். தாளாளர் பெரும்பாலும் பங்குத்தந்தை, அதாவது அந்தக் கோயிலின் சாமியார். ஆசிரியரை நியமிப்பது நிர்வாகம், ஒப்புதல் தருவது கல்வித் துறை, சம்பளம் கொடுப்பது அரசு. அதனால் தமிழ் வழியில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடநூல், சீருடை, மதிய உணவு, பஸ் பாஸ் எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைக்குப் போலவே கிடைக்கும்.

காலை உணவு மட்டும் கொஞ்ச காலம் இல்லாமல் இருந்தது. திட்டம் 2022இல் மதுரையில் தொடங்கியபோது அரசுப் பள்ளிகளுக்கு மட்டும்தான். பக்கத்துப் பள்ளியில் பிள்ளைகள் பொங்கல் சாப்பிட, எங்கள் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு ஜெபம் சொன்னார்கள். 2024 ஜூலை 15இல் ஊரகப் பகுதி உதவிபெறும் தொடக்கப்பள்ளிகளுக்கும் அது வந்தது. தொடங்கிவைத்த இடமே திருவள்ளூர் மாவட்டம் கீழச்சேரியில் உள்ள புனித அன்னாள் தொடக்கப்பள்ளிதான். 2025 ஆகஸ்ட் 26இல் மயிலாப்பூர் புனித சூசையப்பர் தொடக்கப்பள்ளியில் தொடங்கி நகரப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆகவே “சாப்பாடு அங்கதான் போடுறாங்க” என்று அரசுப் பள்ளியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.

கோயில் பள்ளியின் உண்மையான பலவீனம் ஆசிரியர் எண்ணிக்கை. ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1ஆம் தேதி பதிவேட்டில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயம் ஆகிறது. தொடக்கப்பள்ளியில் முப்பது பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது விகிதம். நாற்பது பிள்ளை உள்ள பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஐந்து வகுப்பையும் அவர்கள்தான் பார்க்க வேண்டும். ஒருவர் கூட்டத்துக்குப் போனாலோ பிரசவ விடுப்பு எடுத்தாலோ மீதி இருப்பவர் பாடு திண்டாட்டம். ஒன்றியப் பள்ளிக்கும் இதே விதிதான். ஆனால் அங்கே ஓர் இடம் காலியானால் இடமாறுதல் கலந்தாய்வில் யாராவது வந்துசேர வாய்ப்புண்டு. இங்கே மறைமாவட்டத்தின் வேறொரு பள்ளியிலிருந்து மாற்றிப் போட வேண்டும், அல்லது புது நியமனம் செய்து ஒப்புதலுக்குக் காத்திருக்க வேண்டும். அந்த இடைவெளியில் பங்குப் பணத்தில் சொற்பச் சம்பளத்துக்கு ஓர் இளம்பெண் வந்து பாடம் நடத்துவாள். சிலர் நன்றாகவே நடத்துவார்கள். நல்ல வேலை கிடைத்ததும் போய்விடுவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

ஆகவே கோயில் பள்ளியையும் ஒன்றியப் பள்ளியையும் எடைபோடும்போது பெயரை விட்டுவிட்டு இரண்டிலும் எத்தனை நிரந்தர ஆசிரியர்கள் என்று கேளுங்கள். வகுப்புக்கு ஒருவர் இருக்கும் பள்ளி எதுவோ அதில் போடுங்கள். இரண்டிலும் ஒரே நிலை என்றால் பிள்ளை நடந்து போகக்கூடிய பள்ளி.

டவுன் மெட்ரிக்

மெட்ரிக் என்றால் பாடத்திட்டம் உயர்ந்தது என்ற நம்பிக்கை இன்னும் போகவில்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு சமச்சீர்க் கல்வி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் கோயில் பள்ளிப் பிள்ளையும் மெட்ரிக் பிள்ளையும் எழுதுவது ஒரே மாநிலப் பாடத்திட்டத் தேர்வுதான். வித்தியாசம் பயிற்று மொழியில், வகுப்புக்கு ஓர் ஆசிரியை இருப்பதில், கூடப் படிக்கும் பிள்ளைகளின் வீட்டு வசதியில். கடைசியாகச் சொன்னதற்குத்தான் பாதிப் பெற்றோர் காசு கட்டுகிறார்கள் என்பது என் எண்ணம். வெளியே சொல்ல மாட்டார்கள்.

கட்டணத்தை 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த கட்டண நிர்ணயக் குழு முடிவு செய்கிறது. குழு சொன்னதற்கு மேல் வாங்குவது அந்தச் சட்டத்தில் குற்றம். ஆனால் வேன், நோட்டு, ஷூ, ஆண்டு விழா, ‘ஸ்மார்ட் கிளாஸ்’ என்று சேரும் தொகையையும் கூட்டிப் பாருங்கள். எல்.கே.ஜி.யில் கட்ட முடிகிற குடும்பம் எட்டாம் வகுப்பில் திணறி, நடுவில் பிள்ளையைத் தமிழ் வழிக்கு மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த மாற்றம் பிள்ளையை ரொம்பவே உலுக்கும். ஆரம்பத்திலேயே தமிழ் வழியில் போட்டிருந்தால் அந்தக் கஷ்டம் இல்லை.

வீட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க ஆள் இருக்கிறது, இரண்டு சம்பளம் வருகிறது, வேன் பயணம் அரை மணிக்குள் என்றால் மெட்ரிக்கை நான் தடுக்க மாட்டேன். சிஸ்டர்கள் நடத்தும் பள்ளிகளில் ஒழுங்கு உண்டு, கழிப்பறை சுத்தமாக இருக்கும். பெண் பிள்ளையைப் பெற்றவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம் சின்னதில்லை.

இலவச இடம் கிடைக்கும் என்று நினைத்து அங்கே விண்ணப்பிக்க வேண்டாம். தனியார் பள்ளியில் 25 விழுக்காடு இடம் என்பது 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வேறு தனியார் பள்ளியில் கேட்கலாம், சிஸ்டர் பள்ளியில் கேட்டுப் பயனில்லை.

ஒரே வளாகம், இரண்டு பிரிவு

கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான். உதவிபெறும் பள்ளிக்குள்ளேயே ஆங்கில வழிச் சுயநிதிப் பிரிவு நடக்கும். அதற்கு அரசுச் சம்பளம் இல்லை, கட்டணம் உண்டு. “நம்ம கோயில் பள்ளிதானே” என்று பெற்றோர் சேர்த்துவிடுகிறார்கள். கல்லூரி போகும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும், உதவிபெறும் பள்ளி என்றால் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும்தான். ஆங்கிலப் பிரிவில் படித்த பிள்ளை அதே பள்ளியின் பெயரைச் சொல்லிக்கொண்டு போனாலும் கிடைக்காது.

என்னைக் கேட்டால் நான்கு வழிகளில் கடைசியாக வைப்பது இதைத்தான். மெட்ரிக்கின் ஆள்பலமும் இல்லை, உதவிபெறும் பள்ளியின் சலுகையும் இல்லை. விதிவிலக்காக நன்றாக நடக்கும் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே தலைமையாசிரியை யார் என்று விசாரித்தாலே காரணம் தெரிந்துவிடும்.

சாமி, ஜெபம், பொட்டு

கத்தோலிக்கக் குடும்பம் கோயில் பள்ளியைத் தேடச் சொல்லும் முதல் காரணம் விசுவாசம். அது புரிகிறது. ஆனால் புதுநன்மைக்கு, அதாவது முதன்முதலாக நற்கருணை வாங்குவதற்கு, தயார் செய்வதும் மறைக்கல்வி என்னும் ஞாயிறு சமய வகுப்பும் பங்கின் வேலை. பிள்ளை ஒன்றியப் பள்ளியில் படித்தாலும் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு மறைக்கல்வி வகுப்பில் உட்காரலாம். பள்ளி மாறினால் ஞானம் குறையாது.

கிறித்தவரல்லாத பெற்றோருக்கு எதிர்ப்பக்கத்துக் கேள்வி. பல ஆர்.சி. பள்ளிகளில் அவர்கள் பிள்ளைகள்தான் அதிகம். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடக்கும் நேரத்தில் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பு நடத்துவதுதான் வழக்கம். அரசு உதவி பெறும், அல்லது அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளியில் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையைச் சமயப் போதனையில் கலந்துகொள்ளக் கட்டாயப்படுத்த முடியாது. அரசமைப்புச் சட்டத்தின் 28(3) அதைத் தெளிவாகவே சொல்கிறது. உதவிபெறும் பள்ளியில் மதம், சாதி காரணமாக மட்டும் சேர்க்கை மறுக்கவும் முடியாது, அது 29(2). பொட்டு, பூ, கையில் கயிறு, மாலை போட்ட மாதத்தில் செருப்பில்லாமல் வருவது போன்றவற்றில் பள்ளிக்குப் பள்ளி பழக்கம் வேறு. சேர்க்கும் முன்பே கேட்டுவிடுங்கள். பிள்ளை நடுவில் மாட்டிக்கொண்டு அழக்கூடாது.

கடிதமும் சாதிச் சான்றும்

உதவிபெறும் தொடக்கப்பள்ளியில் சேர்க்கப் பரிந்துரை எதுவும் தேவையில்லை. பிறப்புச் சான்று, ஆதார், குடும்ப அட்டை, சாதிச் சான்று போதும். முதல் வகுப்புக்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும். டவுன் மெட்ரிக்கில் இடம் நெருக்கடி என்றால்தான் பங்குத்தந்தையின் கடிதம் கேட்பார்கள். அந்தக் கடிதத்துக்குப் போனால் பங்குக் குடும்ப அட்டையைப் பார்ப்பார்கள், சந்தா பாக்கியைப் பார்ப்பார்கள், பங்குக் குடும்பங்கள் சிறு குழுவாகக் கூடும் அன்பியக் கூட்டத்துக்கு வருவதுண்டா என்றும் கேட்பார்கள். வருடம் முழுக்கக் கோயில் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள் மார்ச் மாதம் கடிதத்துக்கு வந்து நிற்பதைப் பார்த்தால் சாமியாருக்கும் பாவம் எரிச்சல் வரத்தானே செய்யும்.

இதில் தலித் கிறித்தவக் குடும்பங்களுக்கு மட்டும் ஒரு முள் இருக்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையால் கிறித்தவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். பள்ளியில் முதல் நாள் எழுதும் மதம், சாதி விவரம்தான் கடைசி வரை பள்ளிப் பதிவில் தொடரும். திருமுழுக்குச் சான்றைக் காட்டி இடம் வாங்குவதும், வேறொரு சான்றைக் காட்டிச் சலுகை பெறுவதும் பின்னால் மோதும். குடும்பத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, தவறு அந்த ஆணையில் இருக்கிறது. ஆனாலும் படிவத்தில் எழுதும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துவிட்டுப் போங்கள்.

ஆறாம் வகுப்பு

இனி இரண்டாவது கணக்கு. மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, கால்நடை, சட்டம் போன்ற தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. தகுதி: ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். உதவிபெறும் பள்ளிக்கு இது இல்லை. ஏழைப் பிள்ளைகள் படிக்கும் இடம் என்பதில் இரண்டுக்கும் வித்தியாசமில்லாதபோது இந்தக் கோடு அநியாயம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கோடு இருக்கும்வரை அதை வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும்.

ஒன்று முதல் ஐந்து வரை எங்கே படித்தாலும் இந்த ஒதுக்கீட்டுக்குப் பாதகமில்லை என்பதுதான் பலர் கவனிக்காத விஷயம். கோயில் பள்ளியில் ஐந்து முடித்து, ஆறாம் வகுப்புக்கு நல்ல அரசு மேல்நிலைப் பள்ளியில் சேர்த்தால் ஒதுக்கீட்டுத் தகுதி அப்படியே இருக்கிறது. அறிவியலில் ஆர்வமும் சூட்டிகையும் உள்ள பிள்ளை, கட்டணம் கட்ட வசதியில்லாத வீடு என்றால் இந்த வழியைத்தான் சொல்வேன்.

பெண் பிள்ளைக்கு சிஸ்டர்கள் நடத்தும் உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி, அதோடு விடுதி, என்று விரும்பும் வீடுகள் நிறைய. புதுமைப் பெண் திட்டம் 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளித் தமிழ் வழி மாணவியருக்கும் விரிந்த பிறகு அங்கே இழப்பது 7.5 மட்டும்தான். நர்சிங், ஆசிரியப் பயிற்சி, பி.காம். என்று யோசிக்கிற வீட்டுக்கு டியூஷன் தேடி அலைய வைக்காத அந்தப் பள்ளி பெரிய நிம்மதி. மருத்துவக் கனவு உள்ள வீடு மட்டும் நிதானித்து முடிவு செய்யட்டும்.

பள்ளியைப் பார்க்கப் போவதென்றால் ஞாயிறு பூசைக்கு வரும்போது சுற்றிப் பார்த்துவிட்டுப் போகாதீர்கள். வேலை நாளில் பதினொரு மணிக்குப் போங்கள். எத்தனை வகுப்பில் ஆசிரியர் நிற்கிறார், மூன்றாம் வகுப்புப் பிள்ளை தமிழ்ப் பாடத்தைத் தானே வாசிக்கிறதா, குடிநீர்க் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

தமிழ் வழியில் படித்து ஐந்து முடித்து வெளியே வருகிறவர்கள் டி.சி. வாங்கும்போதே தமிழ் வழிக் கல்விச் சான்றையும் தலைமையாசிரியரிடம் எழுதி வாங்கிவிடுங்கள். அரசு வேலையில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு முன்னுரிமைக்கு முதல் வகுப்பிலிருந்தே சான்று கேட்கிறார்கள். பிள்ளை குறைந்து பள்ளி மூடப்பட்டுவிட்டால், பதினைந்து வருடம் கழித்து அந்தப் பதிவேட்டைத் தேடி மறைமாவட்ட அலுவலகத்துக்கும் வட்டாரக் கல்வி அலுவலகத்துக்குமாக அலைய வேண்டியிருக்கும்.