கதவில்லாத வாவியில் எங்கே படகேறுவது?

லண்டனிலிருந்து வந்த மச்சான் மட்டக்களப்பின் பாலமீன்மடுவில், வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “இதுக்குக் கதவு எங்க?”

அவர் இருப்பது கெம்டன் பக்கம். அங்கே 1820 இல் திறந்த ரீஜன்ட் கால்வாயில் ஹாம்ப்ஸ்டெட் ரோட் லொக் என்று ஒன்று உண்டு. லொக் என்றால் படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தொட்டிகள். படகு தொட்டிக்குள் நுழைந்ததும் பின்கதவை மூடி, சின்ன மடைகளைத் திறந்து தண்ணீரை விடுவார்கள், அல்லது வடிப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் மட்டம் ஒன்றாகும் வரை முன்கதவு அசையாது. கதவுகள் மேட்டுத் தண்ணீரை நோக்கிக் கூம்பிச் சேர்வதால் தண்ணீரின் பாரமே அவற்றை இறுக்கி வைத்திருக்கும். மட்டம் சரியானால் நீண்ட மரக்கையில் முதுகைக் கொடுத்து ஓர் ஆள் தள்ளித் திறந்துவிடலாம். இருநூறு வருஷம் ஆகியும் அதே கைவேலைதான். ஒரு வேடிக்கை: அதே கால்வாயில் லிட்டில் வெனிஸ் என்ற இடத்தில் ஏறினால் சுரங்கத்துக்குள் புகுந்து மிருகக்காட்சிசாலையை ஒட்டிக் கெம்டனுக்கு வரும் சவாரிப் படகுகள், லொக்குக்கு முன்னாலேயே நின்றுவிடும். லொக்கைப் பார்க்க இறங்கி நடக்க வேண்டும்.

எங்கள் வாவிக்குக் கதவு கிடையாது. கடலுக்கும் வாவிக்கும் நடுவே மணல்தான் பூட்டு. கோடையில் கடல் மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கும். மாரியில் படுவான்கரை, அதாவது வாவியின் மேற்குக் கரை, வயல்கள் மூழ்கத் தொடங்கினால் பெக்கோ என்ற மண் வெட்டும் இயந்திரம் வந்து ஆற்றுவாயை வெட்டும். எப்போது வெட்டுவது என்பதில் ஒவ்வொரு மாரியும் ஒரு வழக்கு. வயல்காரருக்கு இன்றே வெட்ட வேண்டும். இறாலும் மீனும் கடலுக்குப் போய்விடும் என்று வலைக்காரர் பொறுக்கச் சொல்வார்கள். லொக்கில் மட்டம் சமமாக அரை மணித்தியாலம் கூடத் தேவையில்லை. இங்கே ஆட்களின் மனம் சமமாவதற்கே நாட்கள் போகும்.

சரி, மச்சானுக்கும் அவர் பிள்ளைகளுக்கும் படகு வேண்டும். மூன்று இடம் கூட்டிப் போனேன்.

முதலாவது பாலமீன்மடு. 1913 இல் கட்டிய வெளிச்சவீடு, அதன் காலடியில் கண்டல் காடு, அங்கிருந்தே இயந்திரப் படகுகள். பிள்ளைகள் இருந்தால் யோசிக்காமல் இங்கேதான். கண்டல் இடுக்கில் படகு நுழைந்து இயந்திரத்தை அணைத்த பிறகு கொக்கும் நீர்க்காகமும் கையெட்டும் தூரத்தில் நிற்கும். ஆனால் காலையில் போங்கள். கச்சான் என்ற தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மத்தியானத்துக்குப் பின் வாவி சொறசொறவென்று எழும்பும், நனைந்துதான் கரையேறுவீர்கள். விடுமுறை நாளில் சனமும் பாட்டுச் சத்தமும் தாங்க முடியாது. கூலியை ஏற முன்னரே பேசிக்கொள்வது நல்லது, இறங்கும்போது கணக்கு மாறலாம். எனக்கு மாறியது.

இரண்டாவது கல்லடி. 1924 இல் வந்த இரும்புப் பாலம், அன்றைய ஆளுநர் மானிங்கின் மனைவி பெயரில் லேடி மானிங் பாலம். வாகனங்கள் எல்லாம் 2013 இல் திறந்த புதுப் பாலத்தால் போவதால் பழைய பாலத்தில் இப்போது காலாற நடக்கலாம். பகலில் இங்கே படகேறுவது வீண் என்பேன். கல்லடிக்கு இரவுதான் அழகு, அதுவும் பௌர்ணமியை ஒட்டிய இரவு, காற்றில்லாத மாதம். தோணியை நடு வாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியைக் காதில் வைத்தால் பாடும் மீன் கேட்கும் என்பார்கள். 1848 இல் இங்கு வந்த ஆங்கிலேய அதிகாரி எமர்சன் டெனன்ட் அதைக் கேட்டு எழுதி வைத்தார். அவருக்குத் துணை போன வலைக்காரர் சொன்னது மீனை அல்ல, ஊரி என்ற சிப்பியை. மச்சான் இருபது நிமிஷம் துடுப்பில் காதை வைத்திருந்துவிட்டு, “பாலத்தில போற மோட்டார்சைக்கிள்தான் கேக்குது” என்றார். எனக்கு ஏதோ நரம்பு மீட்டினது போல ஒன்று கேட்டது. கேட்டது என்றுதான் இன்றும் சொல்கிறேன். நிச்சயமான பலனுக்குக் காசு கொடுக்கிறவர்கள் கல்லடி இரவைத் தவிர்க்கலாம்.

மூன்றாவது இடத்தைச் சுற்றுலாப் படகு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். களுவாஞ்சிகுடிக்கு அருகே குருமண்வெளித் துறையிலிருந்து மண்டூருக்குப் போகும் பாதை. வெளியூர்க்காரருக்கு: இங்கே பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் மோட்டார்சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. மண்முனையிலும் ஒரு காலத்தில் பாதைதான். 2014 இல் ஜப்பான் உதவியில் பாலம் வந்ததோடு அது போனது. போனதற்கு நான் அழவில்லை. பாதைக்குக் காத்து நின்ற நோயாளிகளின் வீட்டார் யாரும் அழ மாட்டார்கள்.

ஆனால் மச்சானின் லொக்குக்கு எங்களிடம் ஒரு சொந்தம் உண்டென்றால் அது இந்தப் பாதைதான். இரண்டும் உல்லாசத்துக்குச் செய்தவை அல்ல. லொக்கில் மட்டம் வரும் வரை நிற்பது போல இங்கே பாதை நிறையும் வரை நிற்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் கதை எல்லாம்: கச்சேரிக்கு, அதாவது அரச அலுவலகத்துக்கு, போய் வந்தவர், உரப்பையோடு நிற்பவர், கிழக்கே எழுவான்கரையில் பெண் கொடுத்துவிட்டுத் திரும்பும் படுவான்கரைத் தாய். ஆவணியில் மண்டூர்க் கந்தன் திருவிழா நடக்கும்போது போனால் அரோகராச் சத்தத்தோடு கடக்கலாம், நெரிசலையும் பொறுக்க வேண்டும். கோவிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு கப்புகனார் என்ற பூசகர் பூசை செய்வதைப் பார்த்துப் பிள்ளைகள் கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள். பாலமீன்மடுவில் அவர்கள் கேட்டது ஐஸ்கிரீம் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை, மூன்றுக்கும் பொது. 2021 நவம்பரில் திருகோணமலைப் பக்கம் கிண்ணியா குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பள்ளிப் பிள்ளைகள் உட்பட உயிர்கள் போயின. அதன் பிறகு உயிர்காப்பு அங்கி இல்லாத படகிலோ, ஆள் கூடிய பாதையிலோ நான் ஏறுவதில்லை. அடுத்ததுக்கு நிற்பேன்.

அப்புறம், மண்டூரிலிருந்து கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று போகும்போதே துறையில் கேட்டு வையுங்கள். நாங்கள் கேட்கவில்லை. மோட்டார்சைக்கிளும் இல்லை. ஒரு முச்சக்கரவண்டிக்குள் எட்டுப் பேர் நெருக்கிக்கொண்டு பட்டிருப்புப் பாலத்தால் சுற்றித்தான் களுவாஞ்சிகுடி வந்து சேர்ந்தோம்.