கோழிச் சளிக்கு டைலோசினா, டாக்சிசைக்ளினா, என்ரோஃப்ளாக்சசினா?

கோழி தும்ம ஆரம்பித்தால் "எது வீரியமான மருந்து?" என்பதுதான் முதல் கேள்வியாக வருகிறது. பதிலாகச் சுற்றிச் சுற்றி மூன்று பெயர்கள் கிடைக்கும்: டைலோசின், டாக்சிசைக்ளின் (அல்லது அதே வகையைச் சேர்ந்த பழைய ஆக்ஸிடெட்ராசைக்ளின்), என்ரோஃப்ளாக்சசின். வீரியத்தை மட்டும் பார்த்தால் என்ரோஃப்ளாக்சசின் முன்னால் நிற்கும். வீட்டுக்கு முட்டை தரும் பத்துப் பதினைந்து கோழிகளுக்கு என்றால், என் வரிசையில் அது கடைசி.

ஆனால் இந்த மூன்றுக்கும் கேட்காத சளிதான் நிறைய. ரானிக்கெட் எனும் வெள்ளைக் கழிச்சல், இன்ஃபெக்ஷியஸ் பிராங்கைட்டிஸ், லாரிங்கோ டிரக்கியைட்டிஸ் எல்லாம் வைரஸ். ஆண்டிபயாடிக் அவற்றைத் தொடாது. கழுத்து முறுக்கிக்கொண்டு பச்சையாகக் கழிந்தால் ரானிக்கெட்டைச் சந்தேகிக்கலாம். தும்மலோடு முட்டை ஓடு சுருக்கம் விழுந்து, வெள்ளைக்கரு தண்ணீராக ஓடினால் பிராங்கைட்டிஸ். கழுத்தை நீட்டி மூச்சு வாங்கி, இருமும்போது ரத்தம் தெறித்தால் லாரிங்கோ. மூக்கு ஒழுகாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடுகிற கோழிக்கு மூச்சுக்குழாயில் புழு இருக்கலாம். அதற்குக் குடற்புழு மருந்து. பூஞ்சை பிடித்த கூளத்தால் வரும் நுரையீரல் நோய்க்கும் ஆண்டிபயாடிக் வேலை செய்யாது. கோழிகள் திடுதிப்பென்று அடுத்தடுத்துச் செத்தால் பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். மருந்தும் வேண்டாம், அறுத்துப் பார்க்கவும் வேண்டாம். கால்நடைத் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.

சரி, ஆண்டிபயாடிக் கேட்கும் சளி எது? முக்கியமாக இரண்டு. ஒன்று மைக்கோபிளாஸ்மா என்ற பாக்டீரியாவால் வருவது: மெதுவாகப் பரவும், வாரக்கணக்கில் இழுக்கும். கண்ணின் ஓரத்தில் சோப்பு நுரை போல சின்னச் சின்னக் குமிழி தெரியும். இரவில் கூண்டுப் பக்கம் காதை வைத்தால் கொரகொரவென்று கேட்கும். இன்னொன்று கொரைசா, இதுவும் பாக்டீரியா நோய்தான்: ஓரிரு நாளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவி, முகம் வீங்கி, மூக்கிலிருந்து ஒழுகுவது நாறும். இந்த நாற்றத்தை ஒருமுறை முகர்ந்தவர்களுக்கு மறக்காது.

வீட்டு மருந்துப் பெட்டியில் மிச்சமிருக்கும் அமாக்சிசிலினை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். அந்த வகை மருந்து பாக்டீரியாவின் செல்சுவரைக் கட்டவிடாமல் கொல்கிறது. மைக்கோபிளாஸ்மாவுக்குச் செல்சுவரே கிடையாது.

டைலோசின் மைக்கோபிளாஸ்மாவுக்கென்றே பேர் வாங்கிய மருந்து. தண்ணீரில் கரையும் தூளின் வழக்கமான அளவு லிட்டருக்கு அரை கிராம் டைலோசின், 3 முதல் 5 நாள். அதன் குறை, சில வகைக் கிருமிகளை மட்டுமே தாக்கும் என்பது. நோய் முற்றி ஈ.கோலை கிருமியும் சேர்ந்துவிட்டால் அதை டைலோசின் ஒன்றும் செய்யாது. தும்மல் குறைந்தும் கோழி சோர்ந்து உட்கார்ந்தே இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். கசப்பு வேறு; மருந்துத் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

டாக்சிசைக்ளினின் வீச்சு அகலம். மைக்கோபிளாஸ்மாவுக்கும் கேட்கும், கொரைசாவுக்கும் ஓரளவு கேட்கும். கறாராக ஒன்றுதான் வேண்டும் என்றால், எந்தச் சளி என்று பிடிபடாத நேரத்தில் மருத்துவர்கள் இதன் பக்கம் சாய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் முட்டைக்கோழி வளர்ப்பவர்கள் ஒரு விஷயத்தைக் கோட்டை விடுகிறார்கள்: கால்சியம். இந்த வகை மருந்து கால்சியத்தோடு ஒட்டிக்கொண்டு, குடலில் உறிஞ்சப்படாமல் வெளியே போய்விடும். ஒரு பக்கம் சிப்பித்தூள் கிண்ணம், மறுபக்கம் மருந்துத் தண்ணீர் என்று வைத்தால் மருந்தில் ஒரு பங்கு எச்சத்தில்தான் போகும். கால்சியம் நிறைந்த கடினத் தண்ணீரும் இதையே செய்யும். ஆக்ஸிடெட்ராசைக்ளினில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். இரண்டில் ஒன்றென்றால் டாக்சிசைக்ளின்தான்.

அப்புறம் என்ரோஃப்ளாக்சசின். மைக்கோபிளாஸ்மா, கொரைசா, ஈ.கோலை மூன்றையும் அடிக்கும். நுரையீரலுக்குள் நன்றாக இறங்கும். இவ்வளவு நல்ல மருந்தை ஏன் தள்ளி வைக்க வேண்டும்? இது மனிதர்களுக்குத் தரும் சிப்ரோஃப்ளாக்சசினின் நெருங்கிய உறவு. கோழி உடலுக்குள்ளேயே இதில் ஒரு பங்கு சிப்ரோஃப்ளாக்சசினாக மாறுகிறது. கோழிக் குடலில் குடியிருக்கும் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியா இதற்குப் பழகிவிட்டால், அது மனிதருக்கு வந்து வயிற்றைக் கலக்கும்போது மருத்துவர் கையிலிருக்கும் மருந்து வேலை செய்யாது. இதற்காகவே அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2005 செப்டம்பரில் கோழிகளுக்கு இதைக் கொடுப்பதைத் தடை செய்தது. முட்டையிலும் இது நாள் கணக்கில் தங்கும். வளரும் குஞ்சுகளுக்கு மூட்டுக் குருத்தெலும்பைக் கெடுக்கலாம் என்ற பயமும் உண்டு. மற்றவை தோற்று, பரிசோதனையும் இதைத்தான் காட்டி, மருத்துவரும் எழுதிக் கொடுத்தால் ஒழிய இதைத் தொட வேண்டாம் என்பேன்.

கொரைசாதான் என்று உறுதியானால் சல்ஃபா மருந்துகளும் களத்தில் உண்டு. முட்டையிடுவது குறையும், முட்டையில் மருந்தின் மிச்சமும் தங்கும். அதனால் சேவலுக்கும் பருவம் வராத கோழிக்கும் பரவாயில்லை, முட்டைக்கோழிக்கு வேண்டாம்.

எதைக் கொடுத்தாலும் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில் பாதி ஆட்டம் முடிந்துவிடுகிறது. நோய் முற்றிய கோழி தண்ணீரே சரியாகக் குடிக்காது. தேறிய கோழி மருந்தைக் குடித்துத் தள்ளும், தேவைப்படுவது பட்டினி கிடக்கும். ரொம்ப மோசமான ஓரிரு கோழிகளைப் பிரித்து, எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவை வாயில் விடுவதே மேல். ஆனால் மூச்சுக்குழாயின் துளை நாக்கின் பின்பகுதியை ஒட்டியே இருக்கிறது. சிரிஞ்சை நடுவில் வைத்து அழுத்தினால் மருந்து நுரையீரலுக்குப் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்க விட வேண்டும்.

முட்டைக் கணக்கு ஒப்பீட்டில் மருந்தின் விலையைவிடப் பெரியது. மஞ்சள் கரு முட்டையாவதற்கு முன்பே ஒரு வாரம், பத்து நாளாக உடலுக்குள் வளர்கிறது. இன்று மருந்தை நிறுத்தினாலும் அடுத்த பத்து நாள் இடும் முட்டையின் கருவில் அது இருக்கலாம். டைலோசினுக்குச் சில நாடுகளில் முட்டைக்குக் காத்திருக்கவே வேண்டாம் என்கிறார்கள். வேறு இடங்களில் முட்டைக்கோழிக்கே கூடாது என்கிறார்கள். லேபிளும் மருத்துவரும் சொல்வதுதான் கணக்கு. லேபிளில் முட்டை பற்றிப் பேச்சே இல்லையென்றால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான்காவதாக ஒரு வழி உண்டு, யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை: ஆண்டிபயாடிக் கொடுக்காமல் இருப்பது. லேசான தும்மல், தீனி நன்றாக எடுக்கிறது, முட்டை குறையவில்லை என்றால் முதலில் கொட்டகைக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து மூச்சு இழுத்துப் பாருங்கள். கண் எரிந்தால் வில்லன் அம்மோனியா. கூளத்தை மாற்றி, மேலே காற்று போக வழி செய்தாலே பல தும்மல்கள் நின்றுவிடும்.

மைக்கோபிளாஸ்மா என்றால் மூன்று மருந்தும் ஒரு இடத்தில் சமம்: எதுவும் கிருமியைத் துடைத்தெடுக்காது. கோழி தேறும், கிருமி உள்ளேயே இருக்கும். மழை, குளிர், இறகு உதிர்ப்பு, இடமாற்றம் என்று உடல் தளரும்போது திரும்ப வரும். முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும். சாப்பாட்டு முட்டைக்கு மட்டும் வளர்ப்பவர் டைலோசின் கொடுத்துவிட்டு அதே கூட்டத்தோடு காலம் தள்ளலாம். குஞ்சு பொரித்து விற்பவருக்கு அந்த வசதி இல்லை. அந்தக் கோழிகளின் முட்டையை அடை வைக்கவும் கூடாது, தேறிவிட்டதென்று உயிர்க்கோழியாக யாருக்கும் கொடுக்கவும் கூடாது.