பாட்டில் தொட்டியா, மட்குக் குழியா?

காரைக்குடிப் பக்கத்துப் பள்ளிகளில் மறுசுழற்சி என்றால் முதலில் கைக்கு வருவது பிளாஸ்டிக் பாட்டில்தான். அறுத்து, வண்ணம் பூசி, செடி வைத்தால் ஒரே வகுப்பில் வேலை முடிந்துவிடும்; பிள்ளைகளின் முகமும் மலரும். வெயிலில் நொறுங்கினால் அதுவும் குப்பைதான்.

கழிவை மட்கவைத்து உரமாக்கும் மட்குக் குழிக்கு இரண்டு மூன்று மாதப் பொறுமை வேண்டும். சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோல், வேப்பஞ்சருகு, கொஞ்சம் சாணம், மேலே செம்மண். நம் ஊர்ப் பனையோலைக் கூடையான கொட்டான் நைந்துபோனால் அதையும் கிழித்துப் போடலாம். பாட்டிலுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. குழியை வாரம் ஒருமுறை கிளற வேண்டும். நாற்றம் அடித்தால் ஈரம் மிகுந்துவிட்டது, சருகைக் கூட்ட வேண்டும். கிளறும்போது உள்ளிருந்து வெதுவெதுப்பாகச் சூடு எழும். நுண்ணுயிர்கள் உழைக்கும் சூடு அது. பிள்ளைகள் அதை உள்ளங்கையில் உணர வேண்டும் என்பதற்காகவே என் ஓட்டு குழிக்கு. ஐப்பசி மழைக்கு முன் ஒரு பழைய தகரத்தால் மூடிவிடுங்கள்.