பழைய க்ளோசெட்டுக்குப் பதில் 3/6 லிட்டர் இரட்டை ஃப்ளஷ்: வாங்கி, நாமே பொருத்திய அனுபவம்

சென்னையின் பழைய வீடுகள் பலவற்றில் ஒரே அழுத்தில் 10 லிட்டரையும் கொட்டிவிடும் ஃப்ளஷ் டேங்க்தான் இன்றும் இருக்கிறது. ஒருவர் நாளைக்கு ஐந்து முறை பயன்படுத்தினாலே 50 லிட்டர் ஆகிவிடுகிறது. பாதாளச் சாக்கடை வசதியுள்ள நகரங்களுக்கு ஆள் ஒன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றுதான் நம் நாட்டில் குடிநீர் வழங்கலுக்கு அளவு வகுத்திருக்கிறார்கள். அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிப்பறைக்கே போகிறது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டதைக் கண்ட ஊர் இது. எங்கள் வீட்டுப் பழைய க்ளோசெட்டை மாற்ற முடிவு செய்ததற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

வாங்கியது, கோப்பையும் டேங்க்கும் தனித்தனியாக வந்து ஒன்றின்மேல் ஒன்று உட்காரும் தரை வகை. சிறிய பொத்தானுக்கு 3 லிட்டர், பெரிய பொத்தானுக்கு 6 லிட்டர். விலை 9,000 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. டேங்க்கை மட்டும் மாற்றினால் போதாதா, பழைய டேங்க்குக்குள் தண்ணீர் நிரப்பிய பாட்டிலைப் போட்டுவைத்தால் ஆகாதா என்று பலரும் கேட்கிறார்கள். ஆகாது என்பதே என் உறுதியான கருத்து. பழைய கோப்பையின் சரிவும் அடியில் வளையும் குழாயின் அகலமும் 10 லிட்டர் வேகத்தை நம்பி வடிவமைக்கப்பட்டவை. அதில் 6 லிட்டரை விட்டால் கழிவு முழுவதும் நகராமல் இரண்டாம் முறை அழுத்த வேண்டியிருக்கும், மிச்சப்படுத்த நினைத்தது 12 லிட்டர் செலவில் போய் முடியும். கோப்பையும் டேங்க்கும் ஒரே செட்டாக வருவதில்தான் சிக்கனமே இருக்கிறது.

கடைக்குப் போவதற்கு முன் அளக்க வேண்டியது ஒன்றுதான்: பின்சுவர் டைல்ஸின் முகப்பிலிருந்து, தரைக்குள் இறங்கும் கழிவுக் குழாயின் நடுப்புள்ளி வரை உள்ள தூரம். குழாய் இப்படித் தரைக்குள் இறங்கினால் அது எஸ் டிராப். நம் ஊர்க் கடைகளில் இந்த வகை பெரும்பாலும் 9 அங்குலம், 12 அங்குலம் என்று கிடைக்கும். குழாய் சுவருக்குள் போனால் அது பி டிராப். அதற்கு வேறு கோப்பை. பழைய டைல்ஸின் மேலேயே புது டைல்ஸ் ஒட்டிய வீடுகளில் சுவர் முன்னே வந்திருக்கும் என்பதால், கட்டியபோது எழுதிவைத்த அளவை நம்பாமல் டேப்பை வைத்து மீண்டும் அளப்பது நல்லது.

கழற்றுவதுதான் பொருத்துவதைவிடக் கடினம். டேங்க்குக்குத் தண்ணீர் விடும் ஆங்கிள் வால்வை மூடி, டேங்க்கைக் காலிசெய்து, கோப்பைக்குள் தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுத்தபின், அடியில் பூசியிருக்கும் சிமெண்டைச் சிற்றுளியால் சுற்றிலும் சிறிது சிறிதாகத் தட்டி விடுவிக்க வேண்டும். கோப்பை வெளியே வந்த உடனே குழாயின் வாயில் பழந்துணியைத் திணித்துவிட வேண்டும். சாக்கடை வாயுவும் மேலே வராது, சிமெண்ட் துண்டுகளும் உள்ளே விழாது. புதியதை வைக்கும்முன் அந்தத் துணியை மறவாமல் எடுக்கவும். குழாய் இணைப்புக்கு ரப்பர் கனெக்டர் போட்டு, ரசமட்டம் வைத்துக் கோப்பையைச் சமன்செய்து, போல்ட்டுகளை இரு பக்கமும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்க வேண்டும். ஒரே பக்கத்தை இறுக்கினால் பீங்கானில் விரிசல் விழுந்துவிடும். கோப்பையின் எடை காரணமாக, தூக்கிவைக்க இன்னொருவர் அவசியம்.

டேங்க் கசிகிறதா என்று பார்க்க, கேசரிப் பவுடரைக் கரைத்து டேங்க்கில் ஊற்றி அரை மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் விட்டேன். கோப்பை நீரில் நிறம் இறங்கவில்லை. இந்தச் சோதனையைப் பழைய டேங்க் வைத்திருப்பவர்களும் செய்து பார்க்கலாம், ஏனெனில் கண்ணுக்குத் தெரியாத கசிவு எந்தப் பொத்தானின் சிக்கனத்தையும் விழுங்கிவிடும்.

பயன்பாட்டில் 6 லிட்டர் ஒரே முறையில் சுத்தமாகக் கழுவுகிறது. 3 லிட்டர் சிறுநீருக்குப் போதுமானது, ஆனால் கோப்பையின் முன்பக்க விளிம்புக்குக் கீழே தண்ணீர் சரியாக எட்டுவதில்லை. அந்த இடத்தில் வாரத்துக்கொரு முறை பிரஷ் போட வேண்டியிருக்கிறது. சீட் கவரின் பிளாஸ்டிக் கீல் இந்த விலைக்கு மிக மெலிது. நான்கு பேர் உள்ள வீட்டில், ஆளுக்கு ஒரு பெரிய ஃப்ளஷ்ஷும் நான்கு சிறிய ஃப்ளஷ்ஷும் என்று வைத்தால், 200 லிட்டர் இருந்த இடத்தில் 72 லிட்டர் போகிறது. மூன்று மாதத்தில் ஏறக்குறைய ஒரு 12,000 லிட்டர் லாரித் தண்ணீர் மிச்சமாகும்.

செப்டிக் டேங்க் தொலைவில் இருந்து, இடைக்குழாய்க்குப் போதிய வாட்டம் (சரிவு) இல்லாத வீடுகளுக்கு இதை உடனே பரிந்துரைக்க மாட்டேன். குறைந்த தண்ணீரில் கழிவு பாதி வழியில் தங்கிவிடும், முதலில் வாட்டத்தைச் சரிசெய்ய வேண்டும். சுவருக்குள் டேங்க் புதைத்த வகையையும் பிளம்பரிடம் விடுவதே சரி. போர் தண்ணீர் உப்பேறிய பகுதிகளில் டேங்க்கின் உள்வால்வு வாஷர் சீக்கிரம் கெட்டுவிடும் என்பதால், அந்த மாடலின் வாஷர் தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டு, பில் போடும்போதே கூடுதலாக ஒன்றை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.