பெயரில்லாப் பூங்கா: திருகோணமலைக் கோட்டை

பலகையில் பூங்கா என்று இல்லை, பிரெட்ரிக் கோட்டை என்றுதான் இருக்கிறது. ஆனால் பின்னேரம் பிள்ளைகளோடு மரநிழலில் நடக்கத் திருகோணமலை நகரத்துக்குள் இதைவிட நல்ல இடம் இல்லை. வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர், மெல்லிய ஏற்றம். ஓட்டோ கோயிலடி வரை போகும். ஏறினால் பாதிச் சுவை போச்சு.

வாசலிலேயே நின்று பாருங்கள். 1622இல் கோயிலை இடித்த போர்த்துக்கீசர் அந்தக் கற்களைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். குளக்கோட்டன் என்ற பழைய மன்னன் செய்த திருப்பணியைப் பின்னாளில் பறங்கி, அதாவது போர்த்துக்கீசன், பிரிப்பான் என்று முன்கூட்டியே சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் பாண்டியரின் இரட்டைக் கயல் சின்னமும் வாசல் நிலையில் இருக்கின்றன. எழுத்து தேய்ந்தது, சாய்வெயிலில்தான் பிடிபடும், ஃபிளாஷ் அடித்தால் மறைந்துவிடும். ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர் கைமாறி 1795இல் ஆங்கிலேயரிடம் வந்தது. இன்றைய பெயர் 1803இல் வைத்தது. உள்ளே, பின்னாளில் நெப்போலியனை வென்ற ஆங்கிலத் தளபதி வெலிங்டன் தங்கிய வீடும் உண்டு. இங்கே காய்ச்சலில் படுத்ததால் மூழ்கவிருந்த கப்பலைத் தவறவிட்டார் என்பார்கள். அவர் படுத்தது பம்பாயில்.

இனி மான். புள்ளிமான்கள் கையெட்டும் தூரத்தில் மேய்வதுதான் இந்த இடத்தின் பெருமை, அதுவே வினையும். பாண், பணிஸ், சோறு கொடுக்காதீர்கள். அசைபோடும் விலங்கின் வயிற்றில் மாப்பொருள் சட்டென்று கூடினால் புளித்து அமிலமாகும். அதைவிடக் கொடுமை சொப்பிங் பை. உப்பும் எண்ணெயும் மணப்பதால் பையோடு விழுங்கும். அது முன்வயிற்றில் சுருண்டு கிடக்கும், வெளியேறாது. வயிறு நிறைந்தபடியே மான் பட்டினியில் சாகும். கச்சான் சுற்றிய பேப்பரைக்கூட வீட்டுக்கே கொண்டுபோங்கள். கொம்பு முற்றிய கிடாவுக்கும் பிள்ளைக்கும் இடையே நாலைந்து மீற்றர் விடுங்கள்.

குறை? ஆமி முகாம் என்பதால் பலகை போட்ட பக்கம் போகவோ படம் எடுக்கவோ முடியாது. உச்சிவெயிலில் கோயிலடியில் செருப்பைக் கழற்றினால் கால் வெந்துவிடும். காலை ஒன்பதுக்கு முன், அல்லது நாலுக்குப் பின் வாருங்கள்.

பங்குனி, சித்திரையில் வருபவர்கள் பைனாகுலர் கொண்டுவாருங்கள். கரையை ஒட்டியே ஆழ்கடல் பள்ளம் இருப்பதால் கோயில் இருக்கும் சுவாமி மலையில் நின்றபடியே நீலத்திமிங்கிலம் ஊதுவதைக் காணலாம். முதலில் தெரிவது முதுகல்ல, செங்குத்தாக எழும் வெள்ளைப் புகை.