ஆல்பைன் ஏற்றத்துக்கும் ஐஸ் சுவருக்கும் ஒரே கோடரி: நான் எதை எடுத்தேன், ஏன்?

பனியும் பாறையும் ஐஸும் கலந்த உயர்மலை ஏற்றம்தான் ஆல்பைன் ஏற்றம். இரண்டு பருவம் யோசித்துவிட்டு, லேசாக வளைந்த காம்பும் கழற்றி மாட்டும் அலகும் (ஐஸில் குத்தும் கூர்முனைப் பகுதி) உள்ள ஒரு ஜோடி கோடரியை வாங்கினேன். பெட்ஸல் குவார்க், பிளாக் டயமண்ட் வைப்பர் வகையறா. அதற்கு இந்தப் பக்கம் பழைய நேர்காம்புப் பனிக்கோடரி. அந்தப் பக்கம் நோமிக் போல முழுக்க வளைந்து, கைப்பிடி தனியே மடங்கி நிற்கும் ஐஸ் கருவி. மூன்றையும் பிடித்துப் பார்த்தவன் என்றாலும் மனம் நடுவில் உள்ளதன் பக்கம்தான். அதை மறைக்கப் போவதில்லை.

நேர்காம்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பனிச்சரிவில் ஊன்றி நடக்கவும், சறுக்கினால் மார்போடு அணைத்து உடல் எடையைப் போட்டு நிறுத்தவும் அதற்கு இணை கிடையாது. ஆனால் செங்குத்து ஐஸில் ஒவ்வொரு வீச்சுக்கும் விரல் முட்டி சுவரில் இடிக்கும். முழு வளைவுக் கருவி அங்கே சுகம். ஆனால் மென்பனியில் காம்பை இறக்கப் பார்த்தால் வளைவும் கைப்பிடியும் பாதியிலேயே தடுத்துவிடும். ஆல்பைன் நாளில் பெரும்பகுதி அந்த ஊன்றி ஏறும் வேலைதான். வெளியே துருத்தி நிற்கும் ஐஸில் நான் ஏறியதில்லை. அதுதான் உங்கள் ஆசை என்றால் அதில் பழகியவரிடம் கேளுங்கள்.

காம்பின் வளைவைப் பார்த்துத்தான் எல்லோரும் தேர்வு செய்கிறோம். எனக்கு முடிவைத் தந்தது அலகு.

என் முதல் கோடரி தலையும் அலகும் ஒரே வார்ப்பாக அடிக்கப்பட்டது. கிரானைட் முகட்டில் ஒரு நாள் உரசியதில் முனை மழுங்கிப் போயிற்று. அடுத்த வாரம் ஐஸ் சுவரில் அதே முனை, தட்டுத் தட்டாக ஐஸை உடைத்துத் தள்ளியது. ஒரே அடியில் பிடிக்க வேண்டிய இடத்தில் நான்கு அடி. பாதி உயரத்திலேயே முன்கை கல்லாக இறுகிவிட்டது. அவசரத்தில் ஒரு பட்டறையில் கொடுத்தேன். சாணை இயந்திரத்தில் பிடித்ததில் முனை நீலம் பாய்ந்து திரும்பி வந்தது. சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது. அடுத்த பாறையிலேயே வளைந்தது. அன்றிலிருந்து கை அரம் மட்டும்தான்: முனையின் பழைய கோணம் மாறாமல், நிதானமாக, சூடேறாமல். எவ்வளவு பக்குவமாகத் தீட்டினாலும் அலகு தேயும். முதல் பல் வரை தேய்ந்த பின் மாற்றத்தான் வேண்டும், ஒரே வார்ப்பில் அதற்கு வழியில்லை. முழுக் கோடரியும் ஓய்வுக்குப் போயிற்று.

இப்போது என்னிடம் இரண்டு ஜோடி அலகுகள். பல முறை அரம் பட்டது பாறை கலந்த ஏற்றத்துக்கு, கூரானது ஐஸுக்கு. முதல் நாள் மாலையே மாற்றிக்கொள்வேன். ஏறும் நாள் காலை போல்ட்டை ஒருமுறை இறுக்கிப் பார்ப்பது கட்டாயம், அடிக்க அடிக்க அது தளரும். ஒரு கோடரித் தலையின் பின்புறம் வாச்சி, மற்றதில் சுத்தி. வீடு திரும்பியதும் துடைத்து, லேசாக எண்ணெய் தடவி வைப்பேன். ஈரத்தோடு ரப்பர் உறை போட்டால் துரு நிச்சயம்.

அலகின் வடிவமே தனிக் கதை. 1966-இல் அமெரிக்க மலையேறி இவோன் சுய்னார், பிரான்ஸின் ஷாமொனியில் கோடரி தயாரிக்கும் ஷார்லே நிறுவனத்திடம் கேட்டுச் செய்வித்த 55 செ.மீ. கோடரியில், கை வீசும் வட்டத்துக்கு ஒத்த வளைவு அலகுக்குக் கிடைத்தது. பின்னால் வந்த தலைகீழ் வளைவு அலகு (முனை மேல்நோக்கித் திரும்பியது) ஐஸில் சட்டென்று கவ்வும், எளிதாகக் கழலும். என் ஜோடியில் இருப்பது அதுதான். அதே கவ்வும் குணம் சறுக்கும்போது பாதகம்: வேகத்தில் திடீரெனப் பிடித்தால் கோடரி கையிலிருந்து பறிபோகலாம். கோடரியால் சறுக்கலை நிறுத்துவதை மென்சரிவில் பயிற்சியாக மட்டுமே செய்திருக்கிறேன். நிஜமாகச் சறுக்கி நிறுத்திய அனுபவம் இல்லை, அதனால் இந்த இடத்தில் என் வார்த்தையை அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாதையில் முக்கால்வாசி பனிச்சரிவு என்றால் நேர்காம்பே சரி.

வாங்கும்போது தலையிலும் காம்பிலும் உள்ள பலத் தர முத்திரையைத் தேடுங்கள். 1 என்பது பொதுப் பயன்பாடு, 2 என்பது கூடுதல் பலம். பழைய கோடரிகளில் இவற்றுக்குப் பதில் முறையே பி, டி என்றிருக்கும். காம்புக்கும் அலகுக்கும் தனித்தனிக் குறி உண்டு, இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. கூடவே, அந்த மாடலுக்கு மாற்று அலகு இன்னும் விற்பனையில் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். முடிந்தால் முதல் நாளே ஒரு ஜோடி அலகைச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.